குழூஉக்குறி முதல் செயற்கைத் தோழன் வரை
(சூட்டு விளையாட்டுகளில் குழுப் பேச்சின் வரலாறும் தமிழும்)

ஒரு தொழிலைக் கூடிச் செய்வோர், தமக்குள் மட்டும் விளங்கும் வண்ணம், ஒரு பொருளின் பெயரை நீக்கி வேறொரு பெயரால் அதனை வழங்குவதைக் குழூஉக்குறி என்பர் நன்னூலார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரையாசிரியர்கள் வழிவழியாகக் காட்டும் உதாரணங்களாம். வன்னி மண்ணிற் பிறந்தவர்களுக்கு இவ்விலக்கணம் ஏட்டளவில் நின்றுவிடும் ஒன்றன்று. சூடு மிதிக்கும் களத்தில் நெல் 'பொலி' ஆகிறது. கிளித்தட்டுக் கோடு கீறிய முற்றத்தில் ஆடுவோர் 'காய்' என்றும் 'பழம்' என்றும் பிரிகின்றனர். கூடித் தொழில் செய்வோருக்கும் கூடி விளையாடுவோருக்கும் சுருங்கிய சொல் வேண்டும். கேட்ட கணத்திலேயே அது விளங்கவும் வேண்டும். பிந்தி விளங்கும் சொல்லால் கிளித்தட்டில் யாதொரு பயனுமில்லை.

இத்தேவை இன்று வேறொரு களத்திலும் எழுந்துள்ளது. நால்வர் நான்கு வீடுகளில், சில வேளைகளில் நான்கு நாடுகளில் இருந்துகொண்டு, இணையத்தின் வழியே ஒரு குழுவாகி, திரையிலே தோன்றும் ஒரு நிலப்பரப்பில் மறு குழுக்களோடு துப்பாக்கி கொண்டு பொருதுவர். பப்ஜி, பிரீ பயர் முதலிய பெயர்களால் வன்னி இளைஞர் நன்கறிந்த இவ்வகையினை இக்கட்டுரையிற் சூட்டு விளையாட்டு எனக் குறிப்பிடுவோம். இவ்விளையாட்டில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது கைவிரைவு மட்டுமன்று, குழுவினரின் பேச்சுமாகும். அண்மைக் காலத்தில், மனிதத் தோழனின் இடத்தில் நின்று பேசவும் கேட்கவும் வல்ல செயற்கைத் தோழனை ஆக்கும் முயற்சிகள் தொடங்கியுள்ளன. அவன் குரலையும் குணத்தையும் வேண்டியவாறு அமைத்துக்கொள்ளலாம் என்கின்றனர். அத்தோழன் எவ்வாறு உருவானான், அவன் நம் பேச்சைக் கேட்பானா என்னும் இரண்டு வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

எழுத்தும் விசையும்

சூட்டு விளையாட்டின் மூதாதை எனத்தக்க 'மேஸ் வார்' 1973 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆய்வுநிலையத்தில் இளைஞர் சிலரால் ஆக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தை அடைந்து, பலர் ஒருங்கே ஆடும் விளையாட்டாக வளர்ந்தது. அங்கு கணினியே இயக்கும் ஆட்டக்காரரும் சேர்க்கப்பட்டனர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. மனிதர் போதாத விடத்து இயந்திரத்தைச் சேர்த்துக்கொள்ளும் எண்ணம் புதியதன்று. அது இவ்விளையாட்டின் வயதையே தன் வயதாகவும் கொண்டது.

1993 டிசெம்பரில் வெளிவந்த 'டூம்' நால்வர் வலையமைப்பில் இணைந்து ஆட வழிசெய்தது. ஆட்டத்தின் நடுவே எழுத்தாற் செய்தி அனுப்பலாம். ஆயின் தட்டச்சிடுவோனின் கைகள் ஆயுதத்தை விட்டு விலகுகின்றன. ஒரு வசனம் எழுதி முடியுமுன் அவன் மாண்டுபோவான். ஆதலால் முன்னரே எழுதிவைத்த செய்தியை ஒரே விசையால் அனுப்பும் வசதியும் அதிலேயே தரப்பட்டது. 1999 இல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இருவர் ஆக்கி வெளியிட்டு, 2000 ஆம் ஆண்டில் வால்வ் நிறுவனத்தின் வாயிலாகக் கடைகளுக்கு வந்த 'கவுண்டர் ஸ்டிரைக்' இதனை மேலுமொரு படி உயர்த்தியது. விசையொன்றை அழுத்தினால் 'பகைவனைக் கண்டேன்', 'துணை வேண்டும்' என்னும் பொருள்பட, முன்பதிவு செய்த குரலொன்று வானொலிச் செய்திபோல் ஒலிக்கும். சொல்ல வேண்டியவற்றை விளையாட்டை ஆக்கியோர் முன்கூட்டியே எண்ணி வரையறுத்துவிட்டனர். அவர்கள் எண்ணாத ஒன்றை ஆடுவோன் சொல்ல இயலாது. முன்பதிவுக் குரலின் எல்லை இதுவே.

குரலின் வருகையும் அதன் விலையும்

அவ்வெல்லையை மீறச் செய்தது உயிருள்ள குரல். 1999 இல் 'ரொஜர் வில்கோ' என்னும் மென்பொருள் ஆடுவோரை ஒலிவாங்கியினூடாகப் பேசவைத்தது. 2002 நவம்பரில் மைக்ரோசொஃப்ட் தனது 'எக்ஸ்பொக்ஸ் லைவ்' சேவையைத் தொடங்கியபோது, அதன் பொதியிலேயே காதணி ஒலிவாங்கி ஒன்றை வைத்து விற்றது. 2015 மே மாதத்தில் 'டிஸ்கோர்ட்' வந்தது. கைத்தொலைபேசி விளையாட்டுகள் பரவியபின் ஒலிவாங்கியைத் தனியே வாங்க வேண்டிய தேவையும் அற்றுப்போயிற்று.

குரல் வந்தபோது மொழியும் உடன்வந்தது. விசைச் செய்தியில் ஒருவனின் ஊரோ வயதோ பாலோ வெளிப்படுவதில்லை. குரலில் இவையனைத்தும் வெளிப்படும். பெண்குரல் கேட்டவுடன் இழிமொழி பேசுவோர் உளர். அறியாத மொழியைக் கேட்டவுடன் அயலானை விலக்குவோர் உளர். பேச்சுக் குறையும் செவிக்குறையும் உடையோர் குழுவின் புறத்தே நின்றனர். 2019 பெப்ரவரியில் வெளிவந்த 'ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ்' இதற்கொரு விடை தந்தது. ஆடுவோன் தான் காணும் இடத்தை நோக்கி ஒரு விசையை அழுத்தினால், அங்கே ஒரு குறி தோன்றும். அவ்விடத்தில் உள்ள படைக்கலம் முதலிய பொருள் இன்னதென்பதை விளையாட்டே உணர்ந்து ஏனையோருக்கு அறிவிக்கும். வாய் திறவாமலே ஒரு குழு ஒத்தாட முடியும் என்பதை அது காட்டிற்று. எழுத்து, விசை, குரல், குறி என்னும் இந்நான்கு படிகளையும் ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். ஒவ்வொரு படியும் சிலரைக் குழுவுக்குள் அழைத்தது. சிலரை வெளியே நிறுத்திற்று. யாருடைய சொல் கேட்கப்படும் என்பதே இவ்வரலாற்றின் உள்ளோட்டமாக அமைந்தது.

'பொட்' என்னும் தோழன்

இனி, இயந்திரத் தோழனின் வரலாற்றை நோக்குவோம். 1996 இல் 'குவேக்' விளையாட்டுக்கென ஸ்டீவன் போல்ஜ் ஆக்கிய 'ரீப்பர்' என்னும் தானியங்கி ஆட்டக்காரன் புகழ்பெற்றான். இவ்வகையினரை நம் இளைஞரும் 'பொட்' என்றே வழங்குகின்றனர். தோழமை நோக்கிற் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது 1999 டிசெம்பரில் வெளிவந்த 'குவேக் 3 அரீனா' ஆகும். ஒல்லாந்தரான ஜான் பவுல் வான் வேவரன் அதன் பொட்களை ஆக்கினார். என்னைத் தொடர், தளத்தைக் காவல் செய் என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதினால், அவை விளங்கிப் பணிந்தன. ஒவ்வொரு பொட்டுக்கும் எவ்வளவு மூர்க்கம், எவ்வளவு வாயாடித்தனம் என்பன தனிக் கோப்புகளில் எழுதப்பட்டிருந்தன.

2002 ஓகஸ்ட்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'சோகொம்' காதணி ஒலிவாங்கியோடு விற்கப்பட்டது. தனியே ஆடுவோன் குறிப்பிட்ட சில கட்டளைகளை வாயாற் சொல்ல, இயந்திரப் படைவீரர் அவற்றை நிறைவேற்றினர். 2004 இல் வெளிவந்த 'கவுண்டர் ஸ்டிரைக்: கண்டிஷன் சீரோ'வில் மைக்கல் பூத் ஆக்கிய பொட்கள் தமக்குள் வானொலியிற் பேசிக்கொண்டன. அவற்றின் பெயர், திறமை, மூர்க்கம், விரும்பும் துப்பாக்கி, குரலின் ஏற்றத்தாழ்வு ஆகியன எவரும் திறந்து திருத்தத்தக்க எளிய எழுத்துக் கோப்பொன்றில் இருந்தன. எழுத்தறிவு மட்டும் உள்ள ஒரு பள்ளிமாணவன் தன் நண்பர் பெயர்களை அதிலிட்டு, கோழையையும் வீரனையும் தன் விருப்பப்படி படைக்கலாம். விரும்பியவாறு அமைத்துக்கொள்ளும் தோழன் என்று இன்று விளம்பரப்படுத்தப்படும் கருத்தின் வித்து இக்கோப்பிலேயே கிடந்தது எனலாம்.

ஆயினும் இவர்கள் அனைவரும் எழுதிவைத்ததைச் செய்தவரேயன்றிக் கற்றவரல்லர். கற்கும் தோழனை 2019 மே மாதம் 'சயன்ஸ்' ஆய்விதழில் இலண்டனின் டீப்மைண்ட் நிறுவனத்தார் விவரித்தனர். 'குவேக் 3' விளையாட்டை அடிப்படையாகக் கொண்ட கொடிபறிக்கும் ஆட்டத்தை, திரையின் காட்சியையும் புள்ளியையும் மட்டுமே கொண்டு, பல்லாயிரம் முறை ஆடி அவர்களின் செயலி கற்றது. மனிதர் 40 பேரோடு கலந்து ஆடவிட்டபோது, கூட ஆடிய மனிதரைவிட இயந்திரமே நன்கு ஒத்துழைத்தது என அவர்கள் மதிப்பிட்டனர். இயந்திரம் ஒரு சொல்லும் பேசவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பேசாத தோழனே சிறந்த தோழன் எனத் தோன்றிற்று. இதைக் கண்டு மகிழ்வதா, நம் பேச்சின் இயல்பை எண்ணி நாணுவதா என்பது வாசகர் சிந்தனைக்குரியது.

பேசும் தோழன்

2022 நவம்பரில் 'சட்ஜிபிடி' வெளிவந்தபின் நிலைமை மாறிற்று. எதைக் கேட்டாலும் மறுமொழி தரும் மொழிமாதிரிகளைப் பொட்டின் வாயிற் பொருத்தலாயினர். 2025 ஜனவரியில், பப்ஜியின் உரிமையாளரான தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனமும் அமெரிக்காவின் என்விடியா நிறுவனமும் 'பப்ஜி அலை' என்னும் கூட்டாளியை அறிவித்தன. அவன் ஆட்டத்திற்கேயுரிய சொற்களை ஆளுவான், உபாயம் கூறுவான், கிடைத்த பொருளைப் பகிர்வான், வாகனம் செலுத்துவான் என்றனர். ஆட்டத்திற்கேயுரிய சொற்கள் என்று அவர்கள் கூறியது நன்னூலார் சொன்ன குழூஉக்குறியையன்றி வேறல்ல. அதே ஆண்டு நவம்பரில் பிரான்சின் யுபிசொஃப்ட் 'டீம்மேட்ஸ்' என்னும் பரிசோதனை விளையாட்டைக் காட்டிற்று. அதில் பப்லோ, சோபியா என்னும் இரு தோழரும் ஜஸ்பர் என்னும் உதவியாளனும் ஆடுவோனின் வாய்மொழிக் கட்டளையைக் கேட்டு நடந்தனர்.

இத்தோழமை எளிதன்று என்பதை இன்னொரு நிகழ்ச்சி உணர்த்துகிறது. 2025 மே மாதத்தில் எபிக் நிறுவனம் தனது 'போர்ட்நைட்' விளையாட்டில், குழுவிற் சேர்த்துக்கொள்ளத்தக்க டார்த் வேடர் பாத்திரத்தைச் செயற்கைக் குரலோடு பேசவிட்டது. 2024 செப்டெம்பரில் மறைந்த நடிகர் ஜேம்ஸ் ஏர்ள் ஜோன்சின் குரலை, அவர் குடும்பத்தாரின் இசைவோடு, இயந்திரம் பேசிற்று. விரைவிலேயே ஆடுவோர் அவனை வசைமொழி பேசவைத்தனர். நிறுவனம் உடனே திருத்தம் செய்தது. அமெரிக்க நடிகர் சங்கமோ, தன்னோடு பேசி முடிவுசெய்யாது செயற்கைக் குரலைப் பயன்படுத்தியது முறையன்று எனத் தொழிலுறவுச் சபையில் முறைப்பாடு செய்தது. குரல் என்பது ஒருவரின் உழைப்பும் உடைமையுமாகும். அதனைக் கடன்வாங்கிய தோழன் யாருக்குக் கடன்பட்டவன் என்னும் வினா இவ்வாறு எழுந்தது.

வன்னியும் 'உங்கை'யும்

இவ்வரலாறு இதுவரை கலிபோர்னியாவிலும் இலண்டனிலும் சியோலிலும் நடந்தது. அது வன்னியை வந்து தொடும் இடத்தை இனிக் காண்போம்.

வன்னி மக்களுக்குத் துப்பாக்கி ஒலி 2009 மே வரை விளையாட்டன்று. ஆகையால் இவ்விளையாட்டைப் பற்றி எழுதும்போது ஒரு தயக்கம் எழுவது இயல்பே. எங்கள் வீட்டில் தம்பி விளையாடும்போது அம்மா வேறொன்றும் சொல்வதில்லை; "சத்தத்தைக் குறை, தம்பி" என்று மட்டும் சொல்வார். அவன் காதணியைப் பொருத்திக்கொள்வான். போரைக் கண்ட தலைமுறையும் காணாத தலைமுறையும் ஒரே கூரையின் கீழ் செய்துகொண்ட உடன்பாடாக அது எனக்குத் தோன்றுவதுண்டு.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவழிப் படிப்பிற்கென வாங்கிய கைத்தொலைபேசி விளையாட்டுக்கும் கருவியாயிற்று. இதனால் விளைந்த கேடுகள் பெற்றோர் அறிந்தவையே. நான் கண்ட மற்றொரு பயனையும் சொல்லவேண்டும். புலம்பெயர்ந்த உறவினரின் பிள்ளைகளும் ஊர்ப்பிள்ளைகளும் ஒருவரோடொருவர் பேச நேர்ந்தது. தொலைபேசியிற் பெரியோர் கொடுத்து "மச்சானோடை கதை" என்றால் இரண்டு சொல்லுக்குமேல் பேசாத பிள்ளைகள், ஆட்டத்தில் ஒரு மணிநேரம் தமிழிற் கத்திக்கொண்டிருக்கின்றனர். டொரன்டோவிற் பிறந்த என் மாமன் மகனின் தமிழ், வகுப்பறையிற் கற்றதைக் காட்டிலும் தம்பியின் குழுவிற் கற்றதே மிகுதி.

ஒருநாள் தம்பி அவனுக்குச் சொன்ன எச்சரிக்கை இது: "டேய், உங்கை ஒருத்தன் நிக்கிறான்!" மூன்றே சொற்களில் அவன் செய்தியை முடித்தான். இதன் நுட்பம் 'உங்கை' என்னும் சொல்லிலுள்ளது. அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டு என்றார் தொல்காப்பியர். இவற்றுள் உகரச்சுட்டு தமிழகத்துப் பேச்சு வழக்கில் அருகிப்போயிற்று. ஈழத்துப் பேச்சிலோ அது இன்றும் உயிரோடு உள்ளது. 'இஞ்சை' என்றால் சொல்பவன் அருகில். 'அங்கை' என்றால் இருவருக்கும் அப்பால். 'உங்கை' என்றால் கேட்பவனாகிய உன் அருகில். பகைவன் என் பக்கமா, உன் பக்கமா, இருவருக்கும் அப்பாலா என்பதே குழுவாட்டத்தில் முதலில் அறியவேண்டியது. ஆங்கிலத்தில் இரு சொற்களாற் பகுக்கப்படும் வெளியை எம்மவர் பேச்சு மூன்றாகப் பகுத்து, ஒரே சொல்லால் இடம் காட்டுகிறது. மாமன் மகன் உடனே திரும்பித் தப்பினான். கனடாவில் வளர்ந்தவன் உகரச்சுட்டை இலக்கண நூலிற் கற்கவில்லை, உயிர்தப்பக் கற்றான்.

அதே வசனத்தைக் கைத்தொலைபேசியில் பேச்சை எழுத்தாக்கும் செயலி ஒன்றிடம் நான் சொல்லிப் பார்த்தேன். 'உங்கை' என்பதை அது 'உங்கள் கை' என எழுதிற்று. இச்சிறு பிழையிலேயே முழுச் சிக்கலும் அடங்கியுள்ளது. செயற்கைத் தோழன் அச்செவியோடு களத்தில் நின்றிருப்பின், பகைவனை நோக்காது தன் கையையே நோக்கியிருப்பான்.

இப்பிழையின் காரணம் விளங்காததன்று. இயந்திரம் கேட்டுப் பழகிய பேச்சையே அறியும். 2022 செப்டெம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட 'விஸ்பர்' என்னும் பேச்சறி மாதிரி 680,000 மணிநேர ஒலிப்பதிவாற் பயிற்றப்பட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஆங்கிலம். ஏனைய 96 மொழிகளும் தம் பேச்சை எழுத்தாக்கும் பயிற்சிக்கெனத் தமக்குள் பங்கிட்டவை 117,000 மணிநேரமே. தமிழுக்குக் கிடைத்த பங்கிலும் எழுத்துத் தமிழும் தமிழகப் பேச்சும் போக, ஈழத்துப் பேச்சுக்கு எஞ்சுவது சொற்பமாகவே இருக்கும். விளையாட்டுத் துறையிலும் இந்நிலையே. 2023 இல் 'கோல் ஒப் டியூட்டி' விளையாட்டில் இழிமொழியைக் கேட்டறியும் செயலியை ஆக்டிவிசன் நிறுவனம் பொருத்தியபோது, அது முதலில் ஆங்கிலத்தையே கேட்டது. உலகெங்கும் விரித்தபோதும் ஆசியாவை விலக்கியே விரித்தனர்.

ஆகவே விரும்பியவாறு அமைத்துக்கொள்ளலாம் என்னும் வாக்குறுதியைச் சற்று நிறுத்துப் பார்க்கவேண்டும். தோழனின் பெயரை மாற்றலாம். வாயை மாற்றலாம். குணத்தையும் மாற்றலாம். செவியை மட்டும் ஆடுவோன் மாற்ற இயலாது. அது வேறெங்கோ முன்னரே முடிவுசெய்யப்பட்ட ஒன்று. செவி அமையாதவிடத்து அமைத்துக்கொள்ள வேண்டியவன் தோழனல்லன், நாமே. தோழனுக்கு விளங்கவேண்டுமெனத் தம்பி முதலில் 'உங்கை'யை விடுவான். பின்னர் தமிழையே விட்டு ஆங்கிலத்திற் கட்டளையிடுவான். வீட்டில் எவரும் தடைசெய்யாமலே, விளையாட்டின் வேகத்தில், ஒரு சுட்டெழுத்து மறைந்துபோகும்.

இதனாற் செயற்கைத் தோழன் வேண்டாதவன் எனக் கூறுதல் என் கருத்தன்று. குழு கிடையாத தனியனுக்கும், குரல் கேட்டமாத்திரத்தே இழிவுபடுத்தப்படும் பெண்ணுக்கும், வேகமாகப் பேச இயலாதவருக்கும் அவன் உதவக்கூடும். ஆயின் அவன் உறவினனாக மாட்டான். தோற்றபின் "உன்னாலைதான் தோத்தது" என்று சண்டையிட்டு, மறுநாள் மீண்டும் அழைக்கும் மச்சானின் இடத்தைச் சொன்னபடி கேட்கும் தோழன் நிரப்பமுடியாது. அலைந்து சிதறிய ஒரு சமூகத்துக்கு அந்தச் சண்டையும் ஒரு தொடர்பே.

முடிவுரை

குழூஉக்குறியைக் குழுவே படைத்தது. களத்திற் 'பொலி'யையும் தட்டிற் 'பழ'த்தையும் எவரும் வெளியிலிருந்து கொண்டுவந்து தரவில்லை. செயற்கைத் தோழனோடு பேசும் குறியும் அவ்வாறே நம்மிடமிருந்து எழவேண்டுமாயின், நம் பேச்சு முதலில் பதிவாக வேண்டும். மொசில்லா அமைப்பு 2017 இல் தொடங்கிய 'கொமன் வொய்ஸ்' திட்டத்திற்கு எவரும் தம் குரலை மனமுவந்து அளிக்கலாம். தமிழும் அதிலுண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ளது. 2021 ஓகஸ்ட்டில் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பேச்சை ஆராயும் தமிழ் மாணவரும் இயந்திரத்தைப் பயிற்றும் பொறியியல் மாணவரும் ஒரே வீதியிற் பேருந்தேறுகின்றனர். இவர்கள் கூடி, பேசுவோரின் இசைவோடும் உரிமையோடும், முல்லைத்தீவுக் கரையிலும் வவுனியா வயலிலும் கிளிநொச்சி முற்றத்திலும் வழங்கும் பேச்சைத் தொகுப்பராயின், அது விளையாட்டுக்கு மட்டுமன்றி வைத்தியசாலைக்கும் கச்சேரிக்கும் வகுப்பறைக்கும் பயன்படும்.

தொல்காப்பியர் குறித்துவைத்த உகரத்தை இத்தனை நூற்றாண்டுகள் காத்தவர்கள் புலவர் மட்டுமல்லர். வயலிலும் முற்றத்திலும் ஒருவரையொருவர் கூப்பிட்டு எச்சரித்த சாதாரண மக்களே அதனைக் காத்தனர். இன்று அது ஒரு சிறுவனின் கைத்தொலைபேசியில், டொரன்டோவிலுள்ள மச்சானைக் காக்கும் பொருட்டு ஒலிக்கிறது. அதனைக் கேட்கும் செவியைப் படைப்பது நம் தலைமுறையின் கடனாகும்.